பழைய வண்ணாரப்பேட்டை சனிக்கிழமை கை எம்பிராய்டரி கிளாஸ்: ஒரு வருஷம் போய்ட்டு எழுதுறேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டு இருந்த ரிவ்யூ இது. சென்னைல பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, ரெண்டாவது மாடில, சனிக்கிழமை மத்தியானம் நடக்குற கை எம்பிராய்டரி கிளாஸ். போர்டு கிடையாது, கிளாஸுக்குனு ஒரு பேரும் கிடையாது, "அக்கா கிளாஸ்"னு கேட்டா கீழ இருக்குற கட் பீஸ் கடைக்காரர் படிக்கட்டக் காட்டுவாரு. எழுதட்டுமானு அக்கா கிட்ட கேட்டேன், "கிளாஸ பத்தி எழுதும்மா, என் பேர போடாத"னு சொல்லிட்டாங்க, அதனால பேரும் நம்பரும் இதுல இருக்காது. தேடி வர்றவங்களுக்கு கண்டிப்பா கெடைக்கும், நானும் அப்டித்தான் போய் சேந்தேன்.

மொதல்ல எல்லாரும் கேக்குறத சொல்லிடறேன். மாசம் 600 ரூபா, நாலு சனிக்கிழமை, ரெண்டு மணிலேந்து நாலரை வரைக்கும்னு பேரு, ஆனா அஞ்சரை வரைக்கும் உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க. துணி, நூல், பிரேம் எல்லாம் நம்மளே கொண்டு வரணும், கத்தரிக்கோல் மட்டும் அங்க ரெண்டு இருக்கு, அதுவும் எப்பவும் யார் கைலயாவது இருக்கும். மிஷின் தையல் கத்துக்கணும், பிளவுஸ் தைக்கணும், கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க் பண்ணி சம்பாதிக்கணும்னு வர்றவங்களுக்கு இந்த கிளாஸ் கிடையாது, அதுக்கு அந்த ஏரியாலயே வேற நெறைய இடம் இருக்கு. இங்க ஊசி, நூல், கை, அவ்ளோதான்.

அக்கா இருபது வருஷத்துக்கு மேல எக்ஸ்போர்ட் கம்பெனில சாம்பிள் செக்‌ஷன்ல வேல பாத்தவங்க. வெளிநாட்டு பையர் ஒரு படம் அனுப்புவான், அத பாத்து மொத பீஸ கையால செஞ்சு காட்டணும், அந்த வேல. அதனால கண்ணு ரொம்ப கூர்மை. நம்ம தச்சத கைல வாங்குனா முன்பக்கம் பாக்க மாட்டாங்க, திருப்பி பின்பக்கம்தான் பாப்பாங்க, நூல் எங்க தாண்டி போயிருக்கு, எங்க முடிச்சு போட்டு ஏமாத்தியிருக்கோம்னு அங்கதான தெரியும். "இன்னா அவசரம் உனக்கு, பிரி"னு சொல்லி திருப்பிக் குடுப்பாங்க. திட்டு மாதிரி இருக்காது, சோறு போடட்டுமானு கேக்குற மாதிரி இருக்கும். ஆனா பிரிக்காம விட மாட்டாங்க.

நான் ஏன் போனேன்னு சொல்லணும், அத சொல்லாம இந்த ரிவ்யூ எழுதுனா பாதி பொய் ஆயிடும்.

எங்க வீட்ல அப்பா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). அப்பா ஆட்டோ ஓட்டுனாரு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மொத சவாரிக்கு முன்னாடி பாரிஸ் கார்னர்ல ஆர்மேனியன் தெருல இருக்குற அந்தோணியார் கோயிலுக்கு போய்ட்டுதான் வண்டிய எடுப்பாரு, பிப்ரவரி 11 வந்தா எங்கள எல்லாம் ஆட்டோல ஏத்திட்டு பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு கூட்டிட்டு போவாரு, ஞாயித்துக்கெழம அம்மா கூட சி.எஸ்.ஐ. ஆராதனைலயும் பின் பெஞ்ச்ல வந்து உக்காருவாரு, அவருக்கு அதுல எந்த கொழப்பமும் இருந்ததில்ல. நான் ப்ளஸ் டூ படிக்கறப்போ ஒரு ராத்திரி நெஞ்சு வலின்னாரு, விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மூணாம் நாள் வீட்டுக்கு வந்த கூட்டத்துல சபைக்காரர் ஒருத்தர், "வீட்ல ஜெபம் கொறஞ்சு போச்சு போல"ன்னாரு. அம்மா தலைய குனிஞ்சுட்டு உக்காந்திருந்தாங்க. நான் காபி டம்ளர் வச்ச தட்ட பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்தேன், டம்ளர் ஆடுன சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் நான் சர்ச்சுக்கு போகல. யார்கிட்டயும் சண்ட போடல, கடவுள் இல்லன்னு சொல்லிட்டு திரியவும் இல்ல, போறத நிறுத்திட்டேன், வேதாகமத்த தெறக்கறத நிறுத்திட்டேன், சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ண மூடறத கூட நிறுத்திட்டேன். ரெண்டர வருஷம். அம்மா ஒரு வார்த்த கேக்கல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

காலேஜ்ல ரெண்டாவது வருஷம், பக்கத்து பெஞ்ச் பொண்ணு ஒரு நாள் லஞ்சுக்கு மாடி ரூமுக்கு வாயேன்னு கூப்ட்டா. அங்க ஆறு பேர். எங்க அத்தை அவங்க காலேஜ் நாள்ல ஐக்கஃப்னு கத்தோலிக்க மாணவர் இயக்கத்துல இருந்து கிராமத்துக்கெல்லாம் கேம்ப் போன கத நெறைய சொல்லுவாங்க, அந்த மாதிரி பெரிய அமைப்பு எதுவும் கெடையாது இது, தலைவர் செயலாளர்னு யாரும் கெடையாது. காலியா இருக்குற கிளாஸ்ரூம் எதுவோ அதுல உக்காந்து டிபன் பாக்ஸ தெறப்பாங்க, யாராவது ஒருத்தர் ஒரு அதிகாரம் வாசிப்பாங்க, யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம், ரெண்டு நிமிஷம் ஜெபம், பெல் அடிச்சா ஓட்டம். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்து இருந்தாங்க, யாரும் யாரையும் எந்த சபைனு தூக்கிப் பிடிச்சு பேசி நான் பாத்ததில்ல. நான் போனது சத்தியமா அவ கொண்டு வந்த எலுமிச்ச சாதத்துக்காகத்தான்.

அன்னிக்கு வாசிச்சது அப்போஸ்தலர் நடபடிகள் 9. யோப்பா ஊர்ல தொற்காள்னு ஒரு அம்மா, ஏழைகளுக்கு உதவி செஞ்சு, துணி தச்சு குடுத்துட்டு இருந்தவங்க, செத்துப் போயிடறாங்க. இயேசுவோட சீஷர் பேதுரு வந்து மேல் வீட்டுக்கு ஏறுறாரு. அங்க விதவைங்க எல்லாம் சுத்தி நின்னு அழுதுட்டு, தொற்காள் உயிரோட இருக்கும்போது செஞ்சு குடுத்த அங்கியையும் துணியையும் எடுத்து எடுத்து அவருக்கு காட்டுறாங்க. எங்க சர்ச்ல தொற்காள் சங்கம் இருக்கு, வருஷா வருஷம் பண்டிகைக்கு புடவ குடுப்பாங்க, அதனால அந்த பேரு எனக்கு தெரியாதது இல்ல. ஆனா அந்த ஒரு வரிய நான் அது வரைக்கும் கேட்டதே இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த விதவைங்க பேதுரு கிட்ட எதுவும் கேக்கல. காரணம் கேக்கல. இந்தா பாருங்க, இத அவங்க தச்சாங்கனு துணிய காட்டுறாங்க, அவ்ளோதான்.

எங்க வீட்டு பீரோல அப்பாவோட காக்கி சட்ட ஒண்ணு இருக்கு. தொவச்சு அயர்ன் பண்ணி வச்சது. அம்மா யாருக்கும் குடுக்கல, யார்கிட்டயும் காட்டவும் இல்ல. நான் அத அந்த கிளாஸ்ரூம்ல மொத தடவையா வெளிய சொன்னேன். பேதுரு ஜெபம் பண்ணதும் தொற்காள் உயிரோட எழுந்துட்டாங்க, எங்கப்பா எழுந்திருக்கலனும் சொன்னேன், கொஞ்சம் கோவமாதான் சொன்னேன். யாரும் பதில் சொல்லல. தேவ சித்தம்னு சொல்லல, அழாதனும் சொல்லல. ஒரு பொண்ணு என் டிபன் பாக்ஸ மூடி கைல குடுத்தா, பெல் அடிச்சிடுச்சு. மறுநாளும் நான் போனேன்.

அந்த ஆறு பேருல ஒருத்தி ஏற்கனவே அக்கா கிளாஸுக்கு போய்ட்டு இருந்தா. எங்களுக்குனு ஒரு ரூம் இல்ல, இன்னிக்கு மாடி, நாளைக்கு லேப் பக்கத்துல, அதனால எங்க உக்காந்தாலும் ஜன்னல் கம்பில மாட்டிக்கற மாதிரி ஒரு திரை செய்யலாம்னு அவதான் ஆரம்பிச்சா. ஆளுக்கு ஒரு பழைய துணி வீட்லேந்து கொண்டு வரணும், அத ஒட்டு போட்டு, மேல ஆளுக்கு ஒண்ணு தைக்கணும். நான் அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு எம்பிராய்டரி கிட் வாங்கி நானே கத்துக்கலாம்னு பாத்தேன், செவப்பு நூல் மொத தண்ணிலயே சாயம் விட்டு வெள்ளத் துணி முழுக்க திட்டு திட்டா ஆயிடுச்சு, செலவு பண்ண காசு போனத விட ரெண்டு வாரம் தச்சது போனதுதான் வயிறெரிஞ்சுது. அத எடுத்துட்டு போய் அக்கா கிட்ட காட்டுனேன். அப்டித்தான் சேந்தேன்.

கிளாஸ பத்தி இப்ப விவரமா சொல்றேன்.

மொத ரெண்டு சனிக்கிழமை வெறும் ஓட்டுத் தையல்தான். காடா துணி ஒரு முழம், அதுல நேர் கோடு, கோடு, கோடு. இதுலயே பாதி பேர் நின்னுடுவாங்க, நான் சேந்த மாசம் புதுசா வந்த அஞ்சு பேருல ரெண்டு பேர் மூணாவது வாரம் வரல. பொறுமையா இருந்தா அதுக்கப்புறம் காம்புத் தையல், செயின் தையல், அடைச்சுத் தைக்கறது, பிரெஞ்ச் நாட்னு போகும். ஒவ்வொண்ணும் கை பழகுற வரைக்கும் அடுத்தது கெடையாது. எழுதிக் குடுக்கற நோட்ஸ் எதுவும் இல்ல, கைய பாத்து கத்துக்கணும். எங்க பேட்ச்ல இடது கை பழக்கம் உள்ள பொண்ணு ஒண்ணு இருந்தா, அவளுக்கு முன்னாடி அக்கா ஒரு மொகம் பாக்குற கண்ணாடிய நிறுத்தி வச்சு, என் கைய பாக்காத, கண்ணாடில தெரியற கைய பாருன்னாங்க. அந்த பொண்ணு அஞ்சு நிமிஷத்துல புடிச்சுக்கிட்டா. வேற எடத்துல எல்லாம் அவள வலது கைக்கு மாறச் சொன்னாங்களாம்.

நூல் விஷயத்துல அக்கா சொன்னது எனக்கு இன்னிக்கும் உதவுது. ஆங்கர் பிராண்ட் நூல் கண்டு ஒண்ணு 8 மீட்டர், அதுல 6 இழை சேந்து இருக்கும். மொத்தமா ஊசில கோக்கக் கூடாது, தேவையான அளவு வெட்டிட்டு, ஒவ்வொரு இழையா நேர மேல உருவணும், அப்றம் ரெண்டு இழையோ மூணு இழையோ சேத்துக்கணும், அப்பதான் தையல் படிஞ்சு உக்காரும். ரெண்டு மூணு இழைய சேத்து உருவுனா சிக்கு விழும். வெட்டுற நீளம் ஒரு முழம். முழங்கைலேந்து விரல் நுனி வரைக்கும், பூக்காரம்மா அளக்கற அதே முழம். அதுக்கு மேல நீளமா எடுத்தா துணிக்குள்ள போய் போய் வந்து நூல் நைஞ்சு பளபளப்பு போயிடும். சோம்பேறித்தனமா நீளமா எடுத்தா கண்டுபுடிச்சிடுவாங்க.

துணி முன்கூட்டியே நனைச்சு காய வச்சு அயர்ன் பண்ணித்தான் வெட்டணும், பருத்தி சுருங்கும். அடர் கலர் துணிய ஒட்டு போடறதுக்கு முன்னாடி தனியா ஒரு வெள்ளத் துணியோட ஊற வச்சு சாயம் போகுதானு பாக்கணும். எனக்கு ஆன்லைன் கிட்ல போனது இத பண்ணாததாலதான்னு அக்கா சொன்னாங்க, நூல் மட்டமான நூல், ஆனா நீயும் சோதிச்சிருக்கணும்னு ரெண்டையும் சேத்துதான் சொன்னாங்க.

நான் அப்பாவோட சட்டைய கேக்க ஒரு மாசம் ஆச்சு. அம்மா பீரோவ தெறந்து எடுத்து குடுத்துட்டு, "பாக்கெட்ட வெட்டிடாத"னு மட்டும் சொன்னாங்க.

அத அக்கா கைல குடுத்தப்போ நடந்தத சொல்லணும். துணிய ஜன்னல் பக்கம் புடிச்சு, கட்டவிரலால தடவி, இது ட்ரில், சரிவா ஒரு கோடு ஓடுது பாருன்னாங்க. நான் அத்தன வருஷம் அந்த சட்டைய பாத்திருக்கேன், அதுல கோடு இருக்கறத பாத்ததில்ல. பாவு நூலும் ஊடு நூலும் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி ஏறி எறங்கறதால வர்ற கோடு அது, அதனாலதான் காக்கி கிழியாம ஒழைக்குதாம். உங்க வீட்ல யாராவது மில்லுல இருந்தாங்களானு கேட்டாங்க. இருந்தாங்க, அப்பாவோட அப்பா பின்னி மில்லு. பி அண்ட் சி மில்ஸ், பக்கிங்காம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கி ட்ரில் நெஞ்ச மில்லு, 1918ல இந்தியாவோட முன்னோடி தொழிற்சங்கமான மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்ததும் அந்த தொழிலாளிங்களாலதான், திரு.வி.க. எல்லாம் அவங்களுக்காக நின்னாரு. 1996ல மில்ல மூடுனாங்க. தாத்தா காக்கி நெஞ்சாரு, அப்பா காக்கி போட்டாரு. இந்த சட்ட பின்னி துணி கெடையாது, எங்கயோ எம்.சி. ரோட்ல எடுத்ததுதான், ஆனா அந்த சரிவு கோடு அதே கோடுதான.

இத எழுதும்போதே தோணுது, நம்ம வடசென்னையே துணியால வந்த ஊருதான. கிழக்கிந்திய கம்பெனிக்காரன் 1639ல இந்த கடற்கரைக்கு வந்ததே இங்க கெடைக்கற பருத்தித் துணிக்காக. அந்த துணிய வெளுத்து சலவ பண்ணவங்க இருந்த எடம் வண்ணாரப்பேட்டை. கவர்னர் காலெட் நெசவாளிங்கள குடி வச்ச எடம் காலெட் பேட்டை, அதுதான் இன்னிக்கு காலடிப்பேட்டை, மெட்ரோ ஸ்டேஷன் பேர்ல இருக்கு. டெய்லி அந்த அறிவிப்ப கேட்டுட்டே போறவதான் நான், அது ஒரு நெசவாளி ஊர்னு அக்கா சொல்லித்தான் தெரியும்.

காக்கில ஊசி ஏறாது. காடாவுல ஓடுற ஊசி இதுல மடங்கும், பெரிய காது உள்ள தடிச்ச ஊசி வேணும், விரலுக்கு கவசமா அங்குசுத்தான் போட்டுக்கணும். நான் தச்சது ஒரு சிலுவ, நாலு இஞ்ச் இருக்கும், வெள்ள நூல்ல காம்புத் தையல், சுத்தி சின்னதா மல்லி மொட்டு. மூணு சனிக்கிழமை ஆச்சு. நடுவுல ரெண்டு தடவ முழுசா பிரிச்சேன். பிரிச்சா காக்கில ஊசி ஓட்ட தெரியும், நகத்தால குறுக்கும் நெடுக்கும் தேச்சு விட்டா நூலுங்க திரும்ப நெருங்கி ஓட்ட மூடிக்கும், அத அக்கா செஞ்சு காட்டுனாங்க. அந்த மாதிரி தேச்சுட்டு இருக்கும்போதுதான், ரெண்டாவது தடவ, காலர் பட்டிக்கு கிட்ட, என்னையும் அறியாம "அப்பா"னு சொன்னேன். சத்தமா இல்ல. எந்த அப்பாவ கூப்ட்டேன்னு எனக்கு பிரிச்சு சொல்ல தெரியல. ஆனா ரெண்டர வருஷத்துக்கு அப்றம் அது ஜெபம்னு எனக்கு தெரிஞ்சுது.

அக்கா விசுவாசி. கிளாஸ் ஆரம்பிக்கும்போது ஊசிய கைல எடுத்துட்டு அரை நிமிஷம் கண்ண மூடுவாங்க, சத்தமா எதுவும் சொல்ல மாட்டாங்க, நம்மள கண்ண மூடச் சொல்லவும் மாட்டாங்க. எங்க பேட்ச்ல முஸ்லிம் பொண்ணுங்க ரெண்டு பேர், இந்து பொண்ணுங்க பாதிக்கு மேல, ஒருத்தி அவங்க குலதெய்வம் கோயிலுக்கு வேல் தச்ச துணி போட்டா, அக்கா அந்த வேலோட நுனிக்கு எப்படி அடைச்சுத் தைக்கணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. மதம் மாத்துற எடமோனு யாராவது வீட்ல யோசிச்சா கவலையே படாம அனுப்பலாம், இத நான் பொறுப்பா சொல்றேன்.

ஆனா கேட்டா பேசுவாங்க. வேதாகமத்துல வர்ற கூடாரக் கோயில், அந்த ஆசரிப்புக் கூடாரத்து திரைய பத்தி ஒரு நாள் கேட்டேன். யாத்திராகமம் 26ல இருக்கு, பத்து மூடுதிரை, ஒவ்வொண்ணும் 28 முழம் நீளம், 4 முழம் அகலம், இளநீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூல். அஞ்சு அஞ்சா சேத்து ஓரத்துல அம்பது காது, அதுல கொக்கி மாட்டி ரெண்டையும் இணைக்கணும். அக்கா வேதாகமத்த தெறக்காமலே இத சொன்னாங்க. எங்க திரைக்கும் மேல ஜன்னல் கம்பில மாட்ட துணியால காது வச்சுதான் தச்சோம், எங்க அம்மா வேதாகமத்துலயும் "காதுகள்"னே இருக்கு, நாங்களும் காதுன்னுதான் சொல்றோம், அளக்கறதும் அதே முழம். எகிப்துலேந்து வந்து வனாந்தரத்துல நடந்துட்டு இருந்த ஜனங்க, நெலையான எடம் இல்லாதவங்க, சாமிக்கு மடிச்சு தூக்கிட்டுப் போற மாதிரி வீடு தச்சாங்க. எங்க திரையும் கட்டப்பைல மடிச்சு வச்சு ரூம் ரூமா போகுது.

இன்னொண்ணு. சங்கீதம் 139ல 15ம் வசனம், "விசித்திர விநோதமாய் உருவாக்கப்பட்டபோது"னு வரும். சின்ன வயசுலேந்து மனப்பாடம். அந்த எடத்துல எபிரேய மொழில இருக்குற சொல்லு எம்பிராய்டரி பண்றத குறிக்கற வேர்ச்சொல்லாம், கூடாரத்து வாசல் திரைக்கு தையல் வேலைனு சொல்ற அதே வேர். எங்க குரூப்ல ஒருத்தியோட மாமா வேதாகமக் கல்லூரில படிக்கறவரு, அவரு சொன்னாரு, நானும் அப்றம் தேடிப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். படைக்கப்பட்டேன்னு ஆயிரம் பிரசங்கத்துல கேட்டாச்சு. நாலு இஞ்ச் சிலுவைக்கு மூணு வாரம் குனிஞ்சு உக்காந்து கழுத்து வலிச்சதுக்கு அப்றம் இத கேட்டப்போ வேற மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் எங்கப்பா மேல அவ்ளோ நேரம் குனிஞ்சு உக்காந்திருந்தாருன்னா, "ஜெபம் கொறஞ்சு போச்சு"னு அவர தூக்கிப் போட்டிருக்க மாட்டாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

குறைகளையும் சொல்லணும். ஒரே ஃபேன், ஏப்ரல் மே மாசத்துல மாடி வெயில் தாங்காது, கை வேர்த்து நூல் அழுக்காகும், ஒரு கைக்குட்ட மடில வச்சுக்கோங்க. நான் சேந்தப்போ 9 பேர், இப்ப 14 பேர், அக்கா எல்லார்கிட்டயும் வர்றதுக்குள்ள நேரம் போயிடுது, ரெண்டு பேட்ச்சா பிரிக்கலாம்னு சொல்லியிருக்கோம். டாய்லெட் கீழ கடைக்காரர கேட்டுதான் போகணும், இது பொண்ணுங்களுக்கு கஷ்டம்தான். ஜிபே வாங்கறாங்க ஆனா உள்ள நெட்வொர்க் கெடைக்காது, கையில காசு வச்சுக்கோங்க. வெளிச்சம் நாலு மணிக்கு மேல கம்மி, கண்ணாடி போடறவங்க ஜன்னல் பக்கம் எடம் புடிங்க. அக்காவுக்கு ஒடம்பு சரியில்லாத வாரம் கிளாஸ் கெடையாது, முன்கூட்டி தகவலும் வராது, நான் ரெண்டு தடவ படி ஏறி திரும்பி வந்திருக்கேன். மாசக் காசுல அத கழிக்கச் சொல்லி நான் கேக்கல, ஆனா தூரத்துலேந்து வர்றவங்க கேக்கறது நியாயம்தான்.

சாமான் எங்க வாங்கலாம்னா, காடா, கேஸ்மென்ட் துணி எல்லாம் எம்.சி. ரோட்ல கட் பீஸ் கடைங்கள்லயே கெடைக்கும், நெறைய வேணும்னா கோடவுன் தெரு போகலாம். நூலும் ஊசியும் சௌகார்பேட்டைல வாங்குனா கலர் நெறைய இருக்கும், நம்பர் சொல்லிக் கேளுங்க, கறுப்பு ஆங்கர்ல 403, நம்பர் குறிச்சு வச்சுக்கிட்டா பாதில நூல் தீந்து போனாலும் அதே கலர் கெடைக்கும். பிரேம் மரத்துல வாங்குங்க, பிளாஸ்டிக் காக்கி மாதிரி தடிப்புத் துணிய இறுக்கிப் புடிக்காது.

திரை போன தபசு காலத்துக்கு (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள்) முன்னாடி முடிஞ்சுது. ஏழு துணி. ஒருத்தி அவ ஆயா புடவ, ஒருத்தி ஸ்கூல் யூனிஃபார்ம் தாவணி, ஒருத்தி தம்பி தொட்டில் சேல, இப்படி. தபசு காலத்துக்குனு ஓரத்துல ஊதா பட்டி. காக்கித் துண்டுல பாக்கெட்ட அம்மா சொன்ன மாதிரி வெட்டாம அப்டியே வச்சு தச்சேன், பாக்கெட்டோட கீழ் மூலைல அப்பா பேனா கசிஞ்ச மை கற இருக்கு, அத அக்கா மறைக்க வேணாம்ன்னாங்க. இப்ப அந்த பாக்கெட்ல பசங்க ஜெப விண்ணப்பத்த சீட்டு எழுதி மடிச்சு போடறாங்க. அரியர் பேப்பர், அண்ணன் குடி, ஹாஸ்டல் ஃபீஸ், எல்லாம் அதுக்குள்ள போகுது, வெள்ளிக்கெழம எடுத்து வாசிச்சு ஜெபம் பண்றோம்.

ஈஸ்டர் முடிஞ்சு ஒரு செவ்வாக்கெழம அம்மாவ கூட்டிட்டு அந்தோணியார் கோயிலுக்கு போனேன். கூட்டம் அப்டியே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம ஆராதனைக்கும் இப்ப போறேன், சாவ பத்தி பிரசங்கம் வந்தா இன்னும் எழுந்து வெளிய வந்து நின்னுக்கறேன், அம்மாவும் கூட வந்து நிப்பாங்க. திரைய ஒரு தடவ வீட்டுக்கு எடுத்துட்டு போய் காட்டுனேன். அம்மா மொதல்ல பாக்கெட்டுக்குள்ள கை விட்டு பாத்தாங்க, அப்றம் திருப்பி பின்பக்கத்த பாத்தாங்க, நான் சொல்லவே இல்ல. அந்த சனிக்கிழமைலேந்து அவங்களும் என் கூட கிளாஸுக்கு வர்றாங்க, இப்ப ஓட்டுத் தையல்ல இருக்காங்க.

சேரணும்னா மாசத்துல மொத சனிக்கிழமை வாங்க, நடுவுல வந்தா அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க சொல்லுவாங்க. மெட்ரோல வண்ணாரப்பேட்டைலயோ தியாகராயா கல்லூரிலயோ எறங்கி நடந்துடலாம், ரெண்டும் கிட்டதான். எம்.சி. ரோட்ல பண்டிக நேரத்துல வண்டி எடுத்துட்டு வராதீங்க, நிறுத்த எடமே கெடைக்காது. ஒரு முழம் காடா, ஒரு கண்டு நூல், ஒரு ஊசி, சொந்தமா ஒரு கத்தரிக்கோல். மாடிப்படில இடது பக்கக் கைப்பிடி ஆடுது, வலது பக்கம் புடிச்சு ஏறுங்க.